1950 மார்ச் 1: மெட்ராஸ் சர்க்காரும் மூன்று வழக்குகளும்

போன எபிசோட்ல அரசியலமைப்புச் சட்டம் எப்படி எழுதப்பட்டது, யார் யார் எழுதினாங்க என்று பார்த்தோம். 1946 டிசம்பர் 9 அன்று முதன்முதலாகக் கூடிய அரசியல் நிர்ணய சபை, 1949 நவம்பர் 26 அன்று சட்டத்தை ஏற்றுக்கொண்டது, 1950 ஜனவரி 26 அன்று அது அமலுக்கு வந்தது. அந்த இடத்துல நிறுத்தியிருந்தோம். அதைக் கேட்டுட்டு நம்ம ராயகிரியில இருந்தே ஒரு நேயர் கேள்வி அனுப்பியிருந்தார். "அண்ணாச்சி, அடிப்படை உரிமை ஆறையும் நான் மனப்பாடமா சொல்லிருவேன். ஆனா ஜனவரி 27ஆம் தேதி காலையில எந்திரிச்சுப் பாத்தா என்ன மாறியிருந்துச்சு?" என்று கேட்டிருந்தார்.

ரொம்ப நல்ல கேள்வி. இன்னைக்கு எபிசோட் முழுக்க அதுக்குத்தான்.

1950இல் ராயகிரி எங்கே இருந்தது என்று முதல்ல சொல்லிடுறேன். இப்போ நாம தென்காசி மாவட்டம், அதுவும் 2019 நவம்பரில்தான் பிறந்தது. அன்றைக்கு சங்கரன்கோவில் தாலுகா, திருநெல்வேலி ஜில்லா, மெட்ராஸ் ஸ்டேட். அந்த மெட்ராஸ் ஸ்டேட் இன்றைய தமிழ்நாடு மட்டும் கிடையாது. கடற்கரை ஆந்திரா, ராயலசீமா, மலபார், தென் கன்னடம் எல்லாம் அதுக்குள்ள இருந்தன. ஆனால் நமக்குப் பக்கத்துல இருக்கிற செங்கோட்டை அதுக்குள்ள இல்லை! அது திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1 அன்றுதான் நம்மோட சேர்ந்தது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

அப்போது மெட்ராஸ் முதலமைச்சர் யார் தெரியுமா? பி.எஸ்.குமாரசாமி ராஜா. ராஜபாளையத்துக்காரர். இங்கிருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள போற ஊர். காந்தியவாதி, தன் வீட்டையே பொதுக் காரியத்துக்கு எழுதிக் கொடுத்தவர். ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் இருக்கே, அது அந்த வீடுதான். 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை அவர்தான் மாகாணத்தை நடத்தினார். இன்று நாம பார்க்கப் போகிற மூன்று வழக்குகளிலும் எதிர்த்தரப்பு அவருடைய அரசாங்கம். அவரை வில்லனாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. சொந்த வீட்டைத் தானம் கொடுத்தவருடைய ஆட்சியிலும் இது நடந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

அன்றைய சூழ்நிலையையும் பார்க்கணும். 1948இல் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதப் போராட்டப் பாதையை எடுத்தது. தெலங்கானா எரிந்துகொண்டிருந்தது, மலபாரில் விவசாயிகள் கிளர்ச்சி. 1949இல் மெட்ராஸ் சர்க்கார் கம்யூனிஸ்ட் கட்சியைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. சிறைகள் நிரம்பின. அரசுக்குப் பயம் இருந்தது, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஜனவரி 26 அன்று கொடியேற்றினார்கள். சரியாகப் பதினாறு நாள் கழித்து, பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறைக்குள் துப்பாக்கிச் சூடு. 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்துப்போனார்கள். பெரும்பாலானவர்கள் மலபார் விவசாயிகள். உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தருகிற சரத்து 21 அமலில் இருந்த நாட்டில், அரசாங்கத்தின் காவலில் இருந்தவர்கள் அவர்கள். நேயர் கேட்ட கேள்விக்கு முதல் பதில் இதுதான்: சேலம் ஜெயிலுக்குள்ள எதுவும் மாறலை.

ஆனால் வெளியே ஒன்று மாறியிருந்தது. சர்க்கார் செய்ததைக் கேள்வி கேட்டு நேராக டெல்லிக்கு மனுப் போட வழி திறந்திருந்தது. சரத்து 32. அடிப்படை உரிமை பறிபோனால் உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம், அப்படிப் போவதே ஓர் அடிப்படை உரிமை. அம்பேத்கர் இந்தச் சரத்தைத்தான் முழுச் சட்டத்தின் உயிராகவும் இதயமாகவும் கருதினார். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இது ஒரு மார்க் கேள்வி. 1950இல் மெட்ராஸ் ஜெயிலில் இருந்தவருக்கு அது ஒரு ஜன்னல்.

அந்த ஜன்னலைத் தட்டிய முதல் ஆட்களில் ஒருவர் ஏ.கே.கோபாலன். மலபார்க்காரர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து அரசியலுக்கு வந்தவர், குருவாயூர் கோயில் நுழைவுச் சத்தியாக்கிரகத்தில் தொண்டர் படைத் தலைவராக இருந்தவர். 1947 டிசம்பரில் இருந்து அவர் உள்ளேதான் இருந்தார். சுதந்திரம் வந்து நாலே மாசம்! ஒரு உத்தரவு காலாவதியானால் அடுத்த உத்தரவு. 1950 பிப்ரவரி 25 அன்று நாடாளுமன்றம் ஒரே நாளில் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. கொண்டுவந்தவர் வல்லபாய் படேல். ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். நீட்டி நீட்டி 1969 கடைசி வரைக்கும் ஓடியது. மார்ச் 1ஆம் தேதி, சிறைக்குள் இருந்த கோபாலனிடம் அந்தப் புதுச் சட்டத்தின்படி ஒரு உத்தரவைக் கொடுத்தார்கள்.

அதே மார்ச் 1ஆம் தேதி மெட்ராஸ் சர்க்கார் இன்னொரு அரசாணையும் போட்டது. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் என்பவர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் மெட்ராஸ் மாகாணத்துக்குள் நுழையக் கூடாது, யாரும் விநியோகிக்கக் கூடாது. (வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பரின் அண்ணன்தான் இவர்.) மார்ச் 10 அன்று மூன்றாவது ஆணை. வி.ஜி.ராவ் என்ற சென்னை வழக்கறிஞர் பொறுப்பில் இருந்த மக்கள் கல்விச் சங்கம் சட்டவிரோதமான சங்கம் என்று அறிவிப்பு. ஆளைப் பிடித்தல், பத்திரிகையைத் தடுத்தல், சங்கத்தைத் தடை செய்தல், எல்லாம் பத்து நாளுக்குள்ள. மூன்றும் வழக்காகி, மூன்றும் 'மெட்ராஸ் மாநிலம்' ஒரு தரப்பாக நிற்கிற பெயரோடு இன்றைக்கும் இந்தியாவின் எல்லா சட்டக் கல்லூரியிலும் பாடமாக இருக்கின்றன.

கோபாலன் வழக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். சரத்து 21 சொல்வது சுருக்கமாக இவ்வளவுதான்: சட்டம் வகுத்த நடைமுறைப்படி தவிர வேறு எப்படியும் ஒருவருடைய உயிரையும் உடல் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. இதில் 'சட்டம் வகுத்த நடைமுறை' என்றால் என்ன? சட்டமன்றமோ நாடாளுமன்றமோ என்ன எழுதினாலும் அது சட்டம்தானா? 'செவ்வாய்க்கிழமை பிறந்தவனை எல்லாம் உள்ளே போடு' என்று எழுதினாலும் நடைமுறைதானா? கோபாலனுக்காக வாதாடிய எம்.கே.நம்பியார் கேட்டதன் சாரம் இதுதான். சட்டம் என்றால் அதில் நியாயம் இருக்கணும், ஒருவனை அடைக்கிறதுக்கு முன்னால அவன் சொல்றதைக் கேட்கணும் என்றார்.

இந்தச் சிக்கல் தானாக வந்ததில்லை. அமெரிக்க அரசியலமைப்பில் இருப்பதைப் போல, சட்டத்தின் நியாயத்தையும் நீதிமன்றம் எடைபோட இடம் கொடுக்கிற வாசகம்தான் முதலில் நம் வரைவிலும் இருந்தது. சபையின் ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்கா போனபோது அங்கே நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள் கையில் அவ்வளவு அதிகாரம் வேண்டாம் என்பது அவருடைய கருத்து. திரும்பி வந்ததும் வாசகம் மாறியது. வரைவுக் குழுவில் இருந்த நம்ம அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அந்த மாற்றத்தை ஆதரித்தார். சபையில் எதிர்ப்பு கிளம்பவே, அதை ஈடுகட்ட 1949 செப்டம்பரில் அம்பேத்கர் இன்னொரு சரத்தைக் கொண்டுவந்தார். அதுதான் இன்றைய சரத்து 22. கைதானவருக்குக் காரணத்தைச் சொல்லணும், வக்கீலைப் பார்க்க விடணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும். அதே சரத்தின் பின்பாதியில், தடுப்புக் காவலில் பிடிபட்டவருக்கு இவை பொருந்தாது என்றும் இருக்கிறது. அவருக்கென்று தனியாகக் குறைவான சில பாதுகாப்புகள் மட்டும். அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கிறதுக்கு இடம் கொடுத்த அரசியலமைப்பு உலகத்தில் ரொம்பக் கிடையாது. நம்முடையது அதில் ஒன்று.

அப்போது உச்ச நீதிமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம்கூட இல்லை. நாடாளுமன்றக் கட்டடத்தின் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்துதான் விசாரித்தார்கள். ஆறு நீதிபதிகள், தலைமை ஹரிலால் கானியா. 1950 மே 19 அன்று தீர்ப்பு. நாலு பேர் கோபாலனுக்கு எதிராக. முறையாக இயற்றப்பட்ட சட்டம் என்றால் போதும், அது நியாயமா என்று நாங்கள் பார்க்க முடியாது என்றார்கள். ஃபசல் அலியும் மகாஜனும் மாறுபட்டார்கள். ஒருவனைப் பிடிக்கிற நடைமுறை என்றால் அதில் முன்னறிவிப்பு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலையான விசாரணை, ஒழுங்கான முறை இருந்தாகணும் என்று ஃபசல் அலி எழுதினார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஆறு பேரும் ஒத்துப்போனார்கள். பிடித்ததற்கான காரணத்தைக் கோர்ட்டிலேகூட வெளியே சொல்லக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 14ஆவது பிரிவு சொன்னது. அது செல்லாது. கோபாலன் தோற்றார், உள்ளேயே இருந்தார். ஆனால் அதன் பிறகு, நெருக்கடி நிலைக் காலங்களைத் தவிர, 'காரணம் ரகசியம், கோர்ட்டுக்கும் சொல்ல மாட்டோம்' என்று ஒட்டுமொத்தமாகக் கதவைச் சாத்த முடியவில்லை. ஓரமாகத் தெரிகிற அந்த வெற்றியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அது ஏன் என்று கடைசியில சொல்றேன்.

ஒரு வாரம் கழித்து, மே 26. 'கிராஸ் ரோட்ஸ்' வழக்கு. மெட்ராஸ் அட்வகேட் ஜெனரல் முதலில் எழுப்பிய ஆட்சேபமே வேறு. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகாமல் ஏன் நேராக இங்கே வந்தீர்கள் என்று. பதஞ்சலி சாஸ்திரி அதை ஒதுக்கிவிட்டார். உரிமையைக் காப்பதற்கென்றே இந்த நீதிமன்றம் இருக்கிறது, வாசலில் வந்தவரைத் திருப்பி அனுப்ப முடியாது என்பது அவர் சொன்னதன் பொருள். அவரும் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து டெல்லிக்குப் போனவர்தான்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். மெட்ராஸ் சட்டம் 'பொதுப் பாதுகாப்பு', 'பொது ஒழுங்கு' என்ற காரணங்களுக்காகப் பத்திரிகையைத் தடுக்க அனுமதித்தது. ஆனால் சரத்து 19இல் பேச்சுச் சுதந்திரத்துக்கு அன்றைக்கு இருந்த வரம்புகளில் 'பொது ஒழுங்கு' என்ற சொல்லே கிடையாது. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, ஒழுக்கக்கேடு, அப்புறம் அரசின் பாதுகாப்பையே குலைப்பது, அவ்வளவுதான். தெருவில் நடக்கிற கலாட்டாவும் நாட்டைக் கவிழ்ப்பதும் ஒன்றா? இரண்டையும் ஒரே பைக்குள் போட்டிருக்கிற சட்டம் செல்லாது என்று தடையை ரத்து செய்தார்கள். நம்ம ஊர்க்காரனுக்கு இது எப்படி என்றால், அந்த மூன்று மாதமும் 'கிராஸ் ரோட்ஸ்' இதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செங்கோட்டையில் இருந்து தென்காசிக்குள் கால் வைத்தால் மெட்ராஸ் ஆணை பாய்ந்திருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் அந்த ஆணை செல்லாது.

ஒரு வேடிக்கையையும் கவனிங்க. கோபாலனுக்கு எதிராக நின்ற பதஞ்சலி சாஸ்திரி இங்கே பத்திரிகைக்கு ஆதரவாக எழுதினார். கோபாலனுக்கு ஆதரவாக எழுதிய ஃபசல் அலி இங்கே சர்க்காருக்கு ஆதரவாக மாறுபட்டார். நீதிபதிகளை 'இவர் நம்ம ஆள், அவர் எதிராளி' என்று பிரிக்கிற பழக்கம் நமக்கு இருக்கு. அந்தக் கணக்கு 1950லேயே உதவவில்லை.

மூன்றாவது வழக்கு, வி.ஜி.ராவ். இதைச் சுருக்கமாகச் சொல்லிடுறேன். மக்களுக்கு அரசியல் கல்வி கொடுப்பதற்காக முறைப்படி பதிவு செய்யப்பட்ட சங்கம் அது. அரசிதழில் ஓர் அறிவிப்பு போட்டால் போதும், சங்கம் சட்டவிரோதம். சங்கத்துக்காரனுக்குக் கையில் ஒரு தாள்கூடக் கொடுக்க வேண்டாம். கெஜட் வாங்கிப் படிக்காதவன், தான் குற்றவாளி ஆனதே தெரியாமல் உறுப்பினராக இருந்து ஜெயிலுக்குப் போகலாம். 1950 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. சர்க்கார் அப்பீல் போனது. 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. குடிமக்களின் உரிமைக்கு நீதிமன்றம் கண் அசராத காவலாளி என்ற உருவகம் அந்தத் தீர்ப்பில் இருந்துதான் புழக்கத்துக்கு வந்தது. எழுதியவர் மறுபடியும் பதஞ்சலி சாஸ்திரி, அப்போது தலைமை நீதிபதி.

ஆனால் இதற்கு இடையில் ஆட்டத்தின் விதியே மாறிவிட்டது. முதல் சட்டத் திருத்தம் ஏன் வந்தது என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் கேளுங்க, செண்பகம் துரைராஜன் என்று சொல்வார்கள். சரிதான். 14 இடங்கள் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று கல்லூரி இடங்களைப் பிரித்த வகுப்புவாரி அரசாணையை 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பெரியார் இயக்கம் உட்பட இங்கே பெரிய கிளர்ச்சி எழுந்தது. அதனால் சரத்து 15(4) வந்தது. நம்ம பகுதியில் முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படி ஏறின எத்தனையோ பேருக்கு அந்த வரிதான் கதவு. இதுவும் மெட்ராஸ் வழக்குதான்.

ஆனால் அது பாதிக் கதை. அதே திருத்தத்தின் இன்னொரு பாதி 'கிராஸ் ரோட்ஸ்' தீர்ப்புக்குப் பதிலடி. சரத்து 19(2)இல் 'பொது ஒழுங்கு', 'வெளிநாடுகளுடன் நட்புறவு', 'குற்றத்துக்குத் தூண்டுதல்' என்று புதிதாக மூன்று காரணங்களை நுழைத்தார்கள். விவாதத்தில் எதிர்ப்பு வந்ததால் கட்டுப்பாடுகள் 'நியாயமானவையாக' இருக்க வேண்டும் என்ற சொல்லையும் சேர்த்தார்கள். 1951 ஜூனில் திருத்தம் அமலுக்கு வந்தது. பொதுத் தேர்தலே நடக்காத காலம், தற்காலிக நாடாளுமன்றம். சட்டம் பிறந்து பதினேழு மாசம்கூட ஆகலை. இடஒதுக்கீட்டைக் காப்பாற்றின அதே காகிதத்தில்தான் பேச்சுரிமையும் சுருங்கியது. ஒன்றைக் கொண்டாடுகிறவர்கள் மற்றதைப் பற்றிப் பேசுவதில்லை, மற்றதைக் கண்டிக்கிறவர்கள் முதலாவதை மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கணும் என்பது என் கட்சி.

கோபாலன் தீர்ப்பு என்ன ஆனது? வெகுகாலம் நின்றது. நெருக்கடி நிலையில் மிசாவில் பிடிபட்டவர்களை நீதிமன்றம் கைவிட்டது 1976 ஏப்ரலில். அதற்கு அடுத்துத்தான் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கு. 1978 ஜனவரி 25 அன்று, நடைமுறை என்றால் அது நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம்பியார் கேட்டது கிடைக்க, அரசியலமைப்புக்கு 28 வயசு நிறைய ஒரு நாள் பாக்கி என்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொரு சுவாரஸ்யம்: 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில், அது அடிப்படை உரிமை இல்லை என்று மத்திய அரசுக்காக வாதாடியவர் கே.கே.வேணுகோபால். நம்பியாரின் மகன்! அவர் அந்த வழக்கில் தோற்றார்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 'பொது ஒழுங்கு' என்ற அந்த ரெண்டு சொல் நமக்கு அந்நியம் இல்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் ஒண்டிவீரன் நினைவு நாள், பூலித்தேவன் பிறந்த நாள் வரும்போது நெற்கட்டும்செவலைச் சுற்றி 144 போடுவதை நாம பார்த்திருக்கோம். 2024 ஜூலை முதல் அது புதுச் சட்டத்தில் 163ஆவது பிரிவு, ஆனா வாயில வர்றது 144தான். அப்படி ஓர் உத்தரவு போட்டால் அதை வெளியிட்டாக வேண்டும், மக்கள் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக முடியணும் என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் இணையத் தடை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கெஜட்டில் போட்டுவிட்டுக் கமுக்கமாக இருந்த வி.ஜி.ராவ் கதை ஞாபகம் வருதா?

அடுத்தது குண்டாஸ். தமிழ்நாடு சட்டம் 14, 1982. இது சாதாரணக் கைது மாதிரி இல்லை. கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவு போடலாம், விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். கோபாலனை அடைத்த சட்டத்தின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனைக் குண்டாஸில் போட்டுட்டாங்க என்றதும் வீட்டில் எல்லாரும் இடிந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்கிறார்கள். அது தப்பு. காரணங்களை ஐந்து நாளுக்குள் அவருக்குக் கொடுத்தாக வேண்டும், அவருக்குப் புரிகிற மொழியில். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு முக்கியமான ஆவணத்தை ஆங்கிலத்தில் கொடுத்தால் அதுவே உத்தரவை ரத்து செய்யப் போதுமான காரணம். மூன்று வாரத்துக்குள் விவகாரம் ஆலோசனைக் குழுவுக்குப் போகணும், பிடித்த நாளில் இருந்து ஏழு வாரத்துக்குள் குழு அறிக்கை தரணும். அரசுக்கு அவர் மனு எழுதலாம், அதைத் தாமதம் செய்யாமல் பரிசீலிக்கணும். தாமதமானால் அதையே காட்டி, சென்னைக்குப் போக வேண்டாம், மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுப் போடலாம். தாயோ மனைவியோ போடலாம்.

வக்கீல் முதலில் பார்க்கிற இன்னொன்றும் உண்டு. 1965இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி இதயத்துல்லா மூன்று வட்டம் போட்டுக் காட்டினார். பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதுக்குள்ள சின்ன வட்டம் பொது ஒழுங்கு, அதுக்கும் உள்ளே அரசின் பாதுகாப்பு. ரெண்டு பேர் அடித்துக்கொண்டது பெரிய வட்டத்தோட முடிஞ்சுபோகும், அதற்குச் சாதாரண வழக்கு போதும். ஊரே நடுங்கி அன்றாட வாழ்க்கை குலைந்தால்தான் உள்வட்டம். இந்த வித்தியாசத்தைக் காட்டி ரத்தான குண்டாஸ் உத்தரவுகள் நிறைய. அந்த வட்டங்களுக்கு விதை போட்டது, பம்பாயில் அச்சான ஒரு வார இதழை மெட்ராஸ் சர்க்கார் தடுத்த வழக்கு.

இதையெல்லாம் கோர்ட் பார்க்க முடிகிறது என்றால், பிடித்த காரணம் கோர்ட்டுக்கு முன்னால் வருவதால்தான். 1950 மே 19 அன்று ஆறு நீதிபதிகளும் சேர்ந்து அடித்துப்போட்ட அந்த 14ஆவது பிரிவைத்தான் சொல்கிறேன். கோபாலன் அதற்கப்புறம் 1952 தேர்தலில் கண்ணூரில் நின்று ஜெயித்து, முதல் மக்களவையில் கம்யூனிஸ்ட்களுக்குத் தலைவராக உட்கார்ந்தார். அதே தேர்தலில் குமாரசாமி ராஜா தோற்றார்.

முதல் திருத்தத்தில் ஒன்பதாவது அட்டவணை என்று ஒன்றும் வந்தது, ஜமீன் நிலங்கள் சம்பந்தப்பட்டது. சிவகிரி ஜமீனோடு சேர்த்து அதை அடுத்த எபிசோட்ல பேசுவோம். கேள்விகளை அனுப்புங்க.